ஸ்டூடியோக்காரியின் இடது கண்

மளிகைக்கடைக்காரரின் இரண்டு காதுகளும் பதினோரு நாள் மங்கலாக இருந்துவிட்டு, பன்னிரண்டாம் நாள் காலை அவர் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது தெளிவாகிவிட்டன. வலி இல்லை, காது கேட்பதிலும் குறை இல்லை. பார்க்கிறவர்களுக்குத்தான், ஈரத் துணியால் யாரோ லேசாகத் துடைத்துவிட்டது போல இருந்தது. முடிவெட்டுகிறவர் மட்டும் அந்த வாரம் காதோரம் கத்தரி வைக்க மறுத்துவிட்டார். காது எங்கே முடிகிறது, காற்று எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் எப்படி வெட்டுவது என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

காரணம், சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் இருந்த ஸ்டூடியோவும் அங்கே புதிதாக வந்துசேர்ந்த ஒரு பழைய லென்ஸும். அதை ஸ்டூடியோக்காரி, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரிடமிருந்து வாங்கினாள். யாரோ ஒரு வழிப்போக்கர், அவர் கடையில் படிக்கிற கண்ணாடி ஒன்றை எடுத்துக்கொண்டு, பதிலுக்கு அதை வைத்துவிட்டுப் போயிருந்தார். ஐம்பது எம்.எம். லென்ஸ், உள்ளங்கையில் அடங்கும், ஆனால் இரும்புக்குண்டு கனம். தானாக ஃபோகஸ் செய்யாது. வளையத்தைக் கையால்தான் திருப்ப வேண்டும். கிட்டத்தில் வேண்டுமென்றால் ஜூம் கிடையாது, கால் இருக்கிறது, நடக்க வேண்டும். வெளிச்சத் துளையைச் சுருக்குகிற வளையமோ ஒன்று புள்ளி இரண்டிலேயே இறுகிப்போயிருந்தது. அதாவது எப்போதும் முழுசாகத் திறந்தே கிடக்கும். அவளுடைய ஸ்டூடியோவுக்கு ஒரே ஒரு சன்னல், அதுவும் குறுகிய சந்து ஒன்றைப் பார்த்தது. அந்தச் சந்தின் சாம்பல் வெளிச்சத்தைக்கூட இந்த லென்ஸ் பாலாடை போல் வழித்து எடுத்தது. ஃபிளாஷ் அடித்தால் கண்ணை மூடிக்கொள்கிற ஊருக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று அவள் சந்தோஷப்பட்டாள். ஒரே சிக்கல், அவ்வளவு திறந்த துளையில் ஒரு பிஸ்கட் கனத்துக்குத்தான் படம் தெளிவாக விழும். கண்ணுக்கு ஃபோகஸ் வைத்தால் காது கலைந்துவிடும். எல்லா லென்ஸிலும் படத்தில்தான் கலையும். இதில் ஆளிடமே கலைந்தது.

ஊர் இதை ஓரிரு மாதத்தில் பழகிக்கொண்டது. கல்யாணமான புதுசில் படமெடுக்க வந்த ஒரு ஜோடியில், மாப்பிள்ளை அரையடி பின்னால் நின்றதால் முழுசாக மங்கிப்போனான். போகப் போகத் தெளிந்துவிடுவான் என்று பெண்வீட்டார் சொன்னார்கள். எல்லா மாப்பிள்ளைகளைப் பற்றியும் சொல்வதுதானே. பதினோரு நாளில் தெளிந்தான். படத்தில் உயிருள்ள ஏதாவது ஒரு புள்ளி தெளிவாக விழுந்திருந்தால் போதும், மங்கினதெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்துவிடும் என்று ஸ்டூடியோக்காரி கண்டுகொண்டாள். ஆகவே, கண்ணை மட்டும் தவறவிடக்கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தாள். படங்களோ, பார்த்தவர்கள் இரண்டு முறை பார்க்கிற அழகு. பதினோரு நாள் காது போனால் போகட்டும் என்று பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் வந்தார்கள்.

அவள் தன் முகத்தைத் தொலைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு. ஸ்டூடியோவின் பெயர்ப்பலகைக்குப் புதுவண்ணம் அடிக்க வந்தவர், ஓரத்தில் முதலாளியம்மா படத்தையும் வரைந்துவிடலாம், ஒரு போட்டோ கொடுங்கள் என்றார். வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்கள். ஊரில் பாதிப் பேரைப் படமெடுத்தவளிடம் அவளுடைய படம் ஒன்றுகூட இல்லை. சரி, நாமே எடுத்துக்கொள்வோம் என்று வாடிக்கையாளர்கள் தலைவாருகிற நிலைக்கண்ணாடியின் முன் கேமராவோடு நின்றாள். கண்ணாடியிலிருந்து நான்கடியில் நின்றால், உள்ளே தெரிகிற ஆள் எட்டடியில் நிற்கிறார்; ஃபோகஸை எட்டடிக்குத்தான் வைக்க வேண்டும். தொழிலில் அது பாலபாடம். ஆனால் கண்ணாடியின் மேல், சரியாக அவள் கண் தெரிகிற இடத்தில், ஒரு தண்ணீர்த்துளி காய்ந்து பொட்டு போல் ஒட்டியிருந்தது. அதைத் தன் கண்ணின் மினுமினுப்பு என்று நினைத்து, அது தெளிகிறவரை வளையத்தைத் திருப்பி, அழுத்திவிட்டாள். யானைக்கும் அடி சறுக்கும். கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கத்தி தன் கைப்பிடியைத் தானே வெட்டிக்கொள்ளாது. அவள் மட்டும் தலையிலிருந்து கால்வரை கலைந்துபோனாள்.

பெயர்ப்பலகைக்காரர் மேலே வந்து அவள் முகத்தைப் பார்த்தே, "ஸ்டூடியோம்மா இல்லையா?" என்று கேட்டார். பன்னிரண்டாம் நாள் விடிந்தது, ஒன்றும் நடக்கவில்லை. இருபதாம் நாளும் அப்படியே. படத்தில் தெளிவாக விழுந்தது உயிரில்லாத ஒரு தண்ணீர்க்கறை மட்டும். அவளுடைய கண்ணும் மூக்கும் எதைப் பிடித்துக்கொண்டு திரும்பும்? அந்தக் கறை என்னவோ வைரம் போல் தெளிந்து, எந்தத் துணிக்கும் அசையாமல் கண்ணாடியில் உட்கார்ந்துகொண்டது. வெளியூரில் வேலை பார்க்கிற மகள் வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம், "அம்மா, உன் பக்கம் நெட்டு சரியில்ல, கட் பண்ணிட்டுத் திரும்ப கூப்பிடு" என்றாள். ஸ்டூடியோக்காரியின் பார்வை எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாததால், படமெடுக்க வந்த குழந்தைகள் அழுதன. மோசம் என்னவென்றால், காது மங்கினாலும் கேட்கிறது, கண் மங்கினால் பார்வையும் சேர்ந்து மங்குகிறது; கேமராவின் வ்யூஃபைண்டருக்குள் எதையும் தெளிவாக்க முடியவில்லை. அடுத்த மாதம் பள்ளிக்கூடத்தில் அறுநூறு பிள்ளைகளுக்கு அடையாள அட்டைப் படம் எடுக்க ஒப்புக்கொண்டிருந்தாள். முகம் போனால் போகிறது, தொழிலும் சேர்ந்து போகிறதே என்று அந்த மூன்றாம் வாரத்தில் அவள் முதல்முறையாக அழுதாள். கண்ணீர் எங்கே வழிகிறது என்றுகூட யாருக்கும் தெரியவில்லை, அது அவளுக்கு இன்னும் துக்கமாக இருந்தது.

எல்லா வைத்தியமும் பார்த்தார்கள். தானாக ஃபோகஸ் செய்கிற வேறு லென்ஸை அவள் முன் வைத்தால், அது ர்ர்ர் என்று முன்னும் பின்னும் ஓடி, நிற்க இடமில்லாமல் ஓய்ந்துபோனது. அந்தப் பழைய லென்ஸால் போனதை அதே லென்ஸால்தான் மீட்க முடியும் என்பது தெரிந்தது. எதிர்த்தெரு ஸ்டூடியோக்காரர், போட்டியை மறந்து, நல்ல மனதோடு வந்து அரைநாள் வளையத்தைத் திருப்பிப் பார்த்தார். "எங்க நிறுத்தறதுன்னே தெரியலம்மா. ஓரமே இல்ல. உங்க முகம் நல்லா தெரிஞ்ச ஆள்தான் இதப் பண்ண முடியும்" என்று கேமராவைக் கீழே வைத்தார். அவர் சொன்ன பிறகு இருவரும் ஒரே சமயத்தில் திரும்பி, மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவளுடைய கணவரைப் பார்த்தார்கள்.

அவர் ரயில் என்ஜின் டிரைவர். முப்பது வருடம் தண்டவாளத்தின் கோடியைப் பார்த்துப் பழகிய கண். ஒரு மைலுக்கு அப்பால் சிக்னல் கம்பத்தில் காக்கை உட்கார்ந்திருக்கிறதா இல்லையா என்று சொல்வார். தோளில் கிடக்கிற துண்டை வீடு முழுக்கத் தேடுவார். உப்பு ஜாடி அவர் மூக்குக்கு நேரே இருக்கும், உப்பு தீர்ந்துவிட்டதா என்பார். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவர் அவளைத் தெருக்கோடியிலிருந்து பார்த்த அளவுக்குப் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. அன்று எதிர்த்தெருக்காரர் போன பிறகு அவள் கேட்டாள்:

"என் மச்சம் எந்தப் பக்கம் இருக்கு, சொல்லுங்க பாப்போம்."

அவர் வெகுநேரம் யோசித்தார். "வலது கன்னம்."

"எனக்கு மச்சமே இல்லீங்க."

அவளுக்கு உண்மையிலேயே வலித்தது. அவருக்கோ வெட்கம் பிடுங்கித் தின்றது. மறுநாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு வந்து, கேமராவைக் கையில் எடுத்தார்.

மூன்று நாளில் நூற்றுக்கும் மேலே எடுத்தார். அத்தனையிலும் தெளிவாக விழுந்தது, அவளுக்குப் பின்னால் மூன்று கஜம் தள்ளியிருந்த கதவின் தாழ்ப்பாள். பழக்கம் அவர் கையை வளையத்தின் தூரப் பக்கத்துக்கே இழுத்துக்கொண்டு போனது. நூறு முறை தெளிந்த தாழ்ப்பாள் கூர்மை ஏறி ஏறி, தொட்டவர்கள் விரல் வெட்டுப்பட்டதோ என்று பார்த்துக்கொள்கிற அளவுக்கு ஆகிவிட்டது. சைக்கிள் கடைக்காரர் தன் ஆட்களைக் கூட்டிவந்து காட்டினார். மூன்றாம் நாள் சாயங்காலம் அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"மூடுபனியில முன்னால ஒண்ணுமே தெரியலன்னா வண்டியில என்னங்க பண்ணுவீங்க? இப்படித்தான் கதவப் பாத்துட்டு நிப்பீங்களா?"

"மெதுவா போவோம்" என்றார் அவர். "என்ன தெரியுதோ அத வாய்விட்டுச் சொல்லுவோம். பக்கத்துல இருக்கறவர் அதையே திருப்பிச் சொல்லணும். அரைகுறையாத் தெரிஞ்சா சொல்லக்கூடாது, நிறுத்திடணும்."

"அப்ப அதையே பண்ணுங்களேன்!"

மறுநாள் ஞாயிறு, காலை பத்து மணி, சன்னலில் நல்ல வெளிச்சம். அவளை ஸ்டூலில் உட்காரவைத்து, எதிரே ஒரு கை நீளத்தில் அவர் நின்றார். இந்த முறை வளையத்தை ஒரேயடியாகக் கிட்டத்துக்குத் திருப்பி வைத்துவிட்டு அதைத் தொடவில்லை. உடம்பையே என்ஜினாக்கி, அங்குலம் அங்குலமாக முன்னே சாய்ந்தார். "தெரியல, நிறுத்து" என்றார். "தெரியல, நிறுத்து" என்று அவள் திருப்பிச் சொன்னாள். இன்னும் கொஞ்சம். "தெரியல, நிறுத்து." இப்படியே முக்கால் மணி நேரம் போனது. கீழே சைக்கிள் கடையில் பம்பு அடிக்கிறவர்கள் பம்பை விட்டுவிட்டு மேலே பார்த்தார்கள். அப்போது அந்தச் சாம்பல் மூட்டத்துக்குள், வெள்ளையாக, ஓர் அரைத் தீக்குச்சி நீளத்துக்கு ஏதோ ஒரு கோடு எழும்பி அமிழ்ந்தது. அவர் மூச்சை நிறுத்தினார். அது அவருக்குத் தெரிந்த கோடு. கல்யாணமான புதுசில், என்ஜினைக் காட்டுகிறேன் வா என்று அவர் அவளை அவசரமாக ஏற்றியபோது, இரும்புப்படியில் இடித்துப் புருவத்தில் விழுந்த வெட்டு. அன்று அவர் தன் சட்டையைக் கிழித்து அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஸ்டேஷன் முழுக்க ஓடியிருந்தார்.

"இடது புருவம், தழும்பு, தெரியுது!" என்று அவர் கத்தியது தெருமுனை வரை கேட்டது.

அவள் கொஞ்சம் தாமதமாகத்தான் திருப்பிச் சொன்னாள். "இடது புருவம், தழும்பு, தெரியுது." "இன்னும் ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

"சிக்னல் நேரத்துல பேசக்கூடாது" என்றார் டிரைவர்.

புருவத்திலிருந்து கண் ஒரு பிஸ்கட் கனம் பின்னால் இருக்கிறது. அந்த ஒரு பிஸ்கட்டைக் கடக்க அவருக்கு ஐந்து நிமிடம் ஆனது. இமைமயிர் ஒவ்வொன்றாக வந்தது. அதன் கீழே, அதுவரை அவர் கறுப்பு என்றே நினைத்திருந்த, தேன் நிறத்தில் ஒரு கண் வந்தது. அதற்குள் கேமராவோடு அவரும் சின்னதாக நின்றுகொண்டிருந்தார். "இடது கண்ணு, தெரியுது" என்று இந்தமுறை மெல்லச் சொன்னார். "இடது கண்ணு, தெரியுது" என்றாள் அவள். அழுத்தினார்.

அதே நொடியில் அறையிலிருந்த மங்கலுக்கு நடுவே ஒரு கண் திறந்துகொண்டு அவரைப் பார்த்தது. மிச்சமெல்லாம் வழக்கம்போல் பதினோரு நாளில் அதைப் பிடித்துக்கொண்டு வந்துசேர்ந்தன: முதல் நாள் புருவம், மூன்றாம் நாள் மூக்கு, கடைசியாகக் குதிகால். அவர் நாள்தோறும் காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, இன்று என்ன வந்தது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். எட்டாம் நாள் இடது காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் தெளிந்தது. அது தனக்கு இருப்பது அவளுக்கே தெரியாது. "நான்தான் சொன்னேனே" என்றார் அவர், பக்கம் தப்பாகச் சொன்னதை வசதியாக மறந்துவிட்டு. மகள் வீடியோவில் வந்து, "இப்பதாம்மா நெட்டு நல்லா இருக்கு" என்றாள். அறுநூறு பிள்ளைகளையும் ஸ்டூடியோக்காரி இரண்டு நாளில் எடுத்து முடித்தாள். பள்ளிக்கூடத்தில் பதினோரு நாள் யாரும் யார் காதையும் பிடித்துத் திருக முடியவில்லை.

இடது கண் மட்டும் தேவைக்கு மேலேயே தெளிந்துவிட்டது. அவ்வளவு நேரம் ஒருவர் அதையே பார்த்ததால் இருக்கும். தெருவிலிருக்கிற எல்லாவற்றையும்விட அது ஒரு படி துலக்கமாக இருந்தது, தூரம் போகப் போகக் குறையவும் இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் சுவரிலிருந்த எழுத்து அட்டையைக் கழற்றிவிட்டு, வருகிறவர்களை வாசலுக்கு அழைத்துவந்து ஸ்டூடியோ சன்னலைக் காட்டுகிறார். ஸ்டூடியோம்மாவின் இடது கண் மேலிமை மயிரை எண்ணிச் சொல்லிவிட்டால் கண்ணாடி சரி; எண்ண முடியாவிட்டால் நம்பர் மாற்ற வேண்டும். அவள் அதைப் பற்றி ஒன்றும் நினைப்பதில்லை. எண்ணி முடிக்கிறவரை இமைக்காமல் இருக்கிறாள், அவ்வளவுதான்.

தினமும் மாலை நாலு நாற்பதுக்கு, ஊருக்கு வெளியே ஆற்றுப்பாலத்தின் மேல் வண்டி திரும்பும்போது, வீட்டு மொட்டைமாடியில் துணி எடுக்கிறவள் அரைநிமிடம் அந்தப் பக்கம் பார்க்கிறாள். இரண்டு மைல். என்ஜினில் டிரைவர் கையை நீட்டி, "இடது கண்ணு, தெரியுது!" என்கிறார். பக்கத்தில் இருக்கிற உதவி டிரைவர், ஓய்வுக்கு எட்டு மாதம் மீதியிருக்கிற, சட்டம் தவறாத மனிதர், முதல் நாள் மட்டும் கொஞ்சம் யோசித்தார். பிறகு சன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, விதிப்படி திருப்பிச் சொன்னார். இப்போது பாலத்துக்கும் ஸ்டேஷனின் வெளிச் சிக்னலுக்கும் நடுவில் அதுவும் ஒரு சிக்னல். மற்ற டிரைவர்களும் அந்த வளைவில் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள்.