அன்பாகப் பேசுவார்

றொமேசுக்குத் தெரிந்த தமிழ் இரண்டு வகை. ஒன்று, அவனுடைய அம்மா பற்றிமா அவனைப் பேசும் தமிழ். மற்றது, ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஆண்டவரோடு கதைக்கும் தமிழ். முதலாவதில் எல்லாம் 'நீ', 'எருமை', 'எழும்பு'. இரண்டாவதில் எல்லாம் 'உமக்கு', 'உம்முடைய', 'இரக்கமாயிரும்'. இந்த இரண்டுக்கும் நடுவில், மனிதர்கள் ஒருவரோடொருவர் மரியாதையாகப் பழகுவதற்கென்று ஒரு தமிழ் இருக்கிறதாம். அது சிட்னியின் பென்டில் ஹில்லில் அவர்களுடைய வீட்டுப் பக்கம் எட்டியும் பார்த்ததில்லை.

இதில் 'பேசுவது' என்ற சொல்லை முதலிலேயே தெளிவாக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிறகு வம்பு. மன்னாரிலிருந்து வந்தவர்கள் வீட்டில் சும்மா வாய் திறந்து நாலு விசயம் சொல்வதற்குப் பெயர் கதைப்பது. பேசுவதென்றால் ஏசுவது, திட்டுவது, கிழிகிழியென்று கிழிப்பது. 'அம்மா பேசுவா' என்று அந்த வீட்டுப் பிள்ளை சொன்னால், அது கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சொல்கிறது என்று அர்த்தம்.

இப்படிப்பட்டவன் பன்னிரண்டாம் வகுப்பில் தமிழை ஒரு பாடமாக எடுத்திருந்தான். எடுத்தது அவனல்ல, பற்றிமா. அவன் வாயைத் திறந்து எதிர்ப்புச் சொல்வதற்குள் படிவத்தில் கையெழுத்தே விழுந்துவிட்டது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அவன் எழுதிய கட்டுரைகளைப் பார்த்த ஆசிரியர் சிவப்புப் பேனையை மூடி வைத்துவிட்டு யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்துச் சோதினை கைவிட்டுப் போன கேஸ். இனி ஏதாவது தேறுமென்றால் வாய்மொழிச் சோதினையில்தான் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அந்த வாய்மொழிச் சோதினைக்கு மூன்று கிழமை, இருபத்தொரு நாள், இருக்கும்போதுதான் வீட்டில் அந்தச் சண்டை வந்தது.

பல்கலைக்கழகத்துக்குப் போகமாட்டேன், லிட்கம்மில் ஒரு லெபனான்காரரிடம் வீட்டு நிலத்துக்கு ரைல் ஓடு பதிக்கும் வேலை பழகப் போகிறேன் என்று றொமேஷ் இரவுச் சாப்பாட்டில் அறிவித்தான். பற்றிமாவுக்கு மகனைப் பற்றி ஒரு கனவு இருந்தது. பரமட்டாவில் கண்ணாடிக் கட்டடமொன்றில், கழுத்தில் அட்டை தொங்க, கையில் கோப்பியோடு அவன் லிப்ட்டில் ஏறுகிற கனவு. அதில் ரைல் வந்தால் அந்தக் கட்டடத்தின் கழிவறைச் சுவரில்தான் வரும். ஆகவே அவள் பேசினாள். சோறு போடும்போது தொடங்கியது, கோப்பை கழுவி முடியும்வரை போனது. அப்பா எமிலியானுஸ் சண்டை என்றால் குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுகிறவர், அது குப்பை எடுக்கிற நாளாக இல்லாவிட்டாலும். அன்றும் உருட்டிக்கொண்டு போய்விட்டார்.

பற்றிமாவின் பேச்செல்லாம் ஒரே சொல்லில்தான் முடியும். "விளங்குதோ?" என்பாள். றொமேஷ் வழக்கமாக "யா, யா" என்பான். அன்றைக்கு அவனுக்கு என்ன பிடித்ததோ, இங்கிலிஷில் திருப்பிச் சொன்னான். "இல்லை. நீங்கள் சொல்வதில் பாதி எனக்கு விளங்குவதே இல்லை. இங்கிலிஷில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்."

அது முழுப்பொய். அவனுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கும். எருமைக்கும் எருமைமாட்டுக்கும் அம்மாவின் குரலில் உள்ள வித்தியாசம்கூட விளங்கும். ஆனால் சொல்லிவிட்டான். பற்றிமா கையிலிருந்த கோப்பையைத் துடைத்து அடுக்கினாள், குசினி விளக்கை அணைத்தாள், போய்ப் படுத்தாள்.

மறுநாள் காலை அவன் கீழே வந்தபோது அவள் சொன்னாள். "குட் மோர்னிங், றொமேஷ். யுவர் லஞ்ச் இஸ் ஒன் த டேபிள்."

பற்றிமா வேலை செய்வது வயோதிபர் இல்லமொன்றில். அவளுடைய இங்கிலிஷ் முழுக்க அங்கே பழகியது. முரண்டு பிடிக்கிற யாரோ ஒரு கிழவரை மருந்து விழுங்க வைக்கிற குரல் அது. மெதுவாக, இனிமையாக, சிரித்த முகத்தோடு. அந்தக் குரல்தான் இப்போது றொமேசுக்குக் கிடைத்தது. "டின்னர் இஸ் ரெடி." "யுவர் சொக்ஸ் ஆர் இன் த ட்ரையர்." முதல் இரண்டு நாளும் அவனுக்கு விடுதலை கிடைத்த மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் சாப்பாட்டை அரைவாசியில் விட்டு எழும்பினான்.

"சொறி" சொல்லிப் பார்த்தான். "தட்ஸ் ஓகே, டார்லிங்," என்றாள். பதினேழு வருடத்தில் அவள் அவனை டார்லிங் என்று கூப்பிட்டதே இல்லை. தமிழில் மன்னிப்புக் கேட்கலாம் என்றால், அவனுக்கு அது ஆண்டவரிடம் கேட்க மட்டும்தான் தெரியும். குசினி வாசலில் நின்று நெஞ்சில் அடித்துக்கொண்டு 'பாவியாகிய என்மேல் இரக்கமாயிரும்' என்று சொன்னால் நிலைமை இன்னும் மோசமாகும் என்கிற அளவுக்கு அவனுக்குப் புத்தி இருந்தது.

ஆகவே அவளைப் பேச வைக்க முயன்றான். நனைந்த துவாயைக் கட்டிலில் போட்டான். "ப்ளீஸ் ஹாங் யுவர் டவல்." பிரிட்ஜைத் திறந்தபடி விட்டான். "ப்ளீஸ் க்ளோஸ் த பிரிட்ஜ்." கடைசியில் துணிந்து, சேறு அப்பிய கால்பந்துச் சப்பாத்து இரண்டையும் கொண்டுபோய் மாதா சொரூபத்தின் காலடியில், மெழுகுதிரிக்குப் பக்கத்தில் வைத்தான். முந்திய பற்றிமா என்றால் இதற்கு அவனை மாத்திரமல்ல, அவனுடைய அப்பாவின் பரம்பரையையே தோண்டியெடுத்துப் பேசியிருப்பாள். அவள் வந்தாள், பார்த்தாள். வாய் திறந்தது. றொமேஷ் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"றொமேஷ், ப்ளீஸ் மூவ் யுவர் ஷூஸ். தேங்க் யூ."

அவன் சப்பாத்தை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு அழுதான்.

சோதினைக்கு அவனைத் தயார்படுத்தியவர் விமலா அன்ரி. திருச்சிக்காரி. அவரிடம் ரியூசன் போன பிள்ளைகள் எல்லோரும் நல்ல புள்ளி எடுத்தார்கள், ஏனென்றால் அவர் எல்லோருக்கும் ஒரே வாழ்க்கையைத்தான் எழுதிக் கொடுத்தார். மேற்குச் சிட்னித் தமிழ்ப் பிள்ளைகள் அத்தனை பேருடைய அப்பாவும் கடின உழைப்பாளி. அத்தனை பேரும் ஓய்வு நேரத்தில் நல்ல நூல்கள் வாசித்தார்கள். றொமேஷ் கடைசியாக வாசித்த நூல் கார் ஓட்டுகிற விதிமுறைக் கையேடு, அதுவும் அரைவாசி.

"எங்க, சொல்லு," என்றார் விமலா. "எனது தாயார் தினமும் என்னிடம் அன்பாகப் பேசுவார்."

றொமேசுக்குத் தலை சுற்றியது. "அன்பாப் பேசுறதோ? தட்ஸ் நொட் எ திங், அன்ரி."

"ஏன்டா? உங்கம்மா அன்பாப் பேசமாட்டாங்களா?"

"பேசுறது எப்பிடி அன்பா வரும்?"

"வியாக்கியானம் கேக்காத. மனப்பாடம் பண்ணு. பேசறதுன்னா பேசறதுதான்."

பண்ணினான். குளிக்கும்போது சொன்னான், ரயிலில் சொன்னான். அந்த ஒரு வசனம் மட்டும் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது.

சோதினையன்று பற்றிமாதான் காரில் கூட்டிக்கொண்டு போனாள். லிட்கம் தாண்டி ஒரு பள்ளிக்கூடம். கார் நிறுத்துமிடத்தில் "குட் லக், டார்லிங்," என்றாள். தூக்கிலிடக் கூட்டிக்கொண்டு போகிறவனுக்குக் காவலாளி சொல்வது போல அவனுக்குக் கேட்டது.

உள்ளே ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒலிப்பதிவுக் கருவி ஒன்று. பரீட்சகர் கண்ணாடி போட்ட, நல்ல முகமுள்ள மனிதர். கோயம்புத்தூர்ப் பக்கம்.

"வணக்கம் தம்பி. உட்காருங்க."

பெரிய மனுசரை 'நீ' என்று சொல்லக் கூடாது என்பது றொமேசுக்குத் தெரியும். மிச்சமிருந்தது ஆண்டவருக்குரிய தமிழ்தான். "உமக்கு நன்றி," என்றான் பயபக்தியோடு. பரீட்சகரின் புருவம் கண்ணாடிக்கு மேலே ஏறியது.

"உங்க குடும்பத்தைப் பத்திச் சொல்லுங்க."

"எனது குடும்பம் ஒரு சிறிய, மகிழ்ச்சியான குடும்பம். எனது தந்தை கடின உழைப்பாளி. எனது தாயார் தினமும் என்னிடம்..." முள் குத்தியது. "தினமும் என்னிடம்..." விமலா அன்ரியின் வாழ்க்கை அத்தோடு முடிந்துபோயிற்று. பதிவுக் கருவியின் சிவப்பு விளக்கு மட்டும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பரவாயில்ல, மெதுவாச் சொல்லுங்க," என்றார் பரீட்சகர். "அம்மா வீட்டுல தமிழ்லதான் பேசுவாங்களா?"

"ஓம்," என்றான் றொமேஷ். இது அவனுக்கு நன்றாகத் தெரிந்த விசயம். "தமிழிலதான் பேசுவா. இங்கிலிஷில பேச அவவுக்குத் தெரியாது."

"அப்படியா! எதைப் பத்தியெல்லாம் பேசுவாங்க?"

"எல்லாத்துக்கும் பேசுவா. எழும்பாட்டிப் பேசுவா. எழும்பினா, ஏன் இவ்வளவு நேரம் எண்டு பேசுவா. சாப்பிடாட்டிப் பேசுவா. சாப்பிட்டா, ஏன் இப்பிடி அள்ளி விழுங்கிறாய் எண்டு பேசுவா."

பரீட்சகருக்கு ஏதோ புரியத் தொடங்கியது. வாயோரம் துடித்தது. "ஒரு உதாரணம் சொல்லுங்களேன்?"

றொமேஷ் நிமிர்ந்து இருந்தான். ஒரு கையை இடுப்பில் வைத்தான்.

"'எடேய் விடுபேயா! சூரியன் வந்து உன்ர குண்டியில சுட்டாத்தான் எழும்புவியோ? உன்னை எழுப்பிற நேரத்துக்கு நான் செத்தவனை எழுப்பியிருப்பன். உந்தத் துவாயைப் பார், உதுக்குக் காலிருந்தா எப்பவோ உன்னை விட்டிட்டு ஓடியிருக்கும். மாதாவே, ஊரில எத்தினை வயிறு இருக்க, இந்தக் காவாலியைக் கொண்டுவந்து என்ர வயித்தில ஏன் வைச்சனீர்?'"

ஒரு தடுமாற்றம் இல்லை. இடையில் இங்கிலிஷ் 'அம்' இல்லை, 'லைக்' இல்லை. சனிக்கிழமைப் பள்ளிக்கூடம் வருடக்கணக்காகக் கற்பிக்க முயன்று தோற்ற இலக்கணம் முழுவதும் அவன் வாயிலிருந்து மடை திறந்த மாதிரி வந்தது. பரீட்சகர் கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது.

"பிரமாதம்," என்றார் ஒருவழியாக. "இப்பவும் தினமும் இப்படித்தான் பேசுவாங்களா?"

"இல்லை," என்றான் றொமேஷ். இடுப்பிலிருந்த கை இறங்கியது. "இப்ப மூண்டு கிழமையா அம்மா பேசுறேல்ல."

பரீட்சகரின் சிரிப்பு நின்றது. அவர் காதில் அது கோயம்புத்தூர்த் தமிழாக விழுந்தது, இவன் மன்னார்த் தமிழில் சொன்னான். எந்தத் தமிழில் எடுத்தாலும் அது உண்மையாக இருந்தது.

"ஏன் தம்பி?"

"நான் பொய் சொன்னனான். அவ சொல்லுறது விளங்கேல்ல எண்டு. எனக்கு எல்லாம் விளங்கும். இப்ப அவ எனக்கு 'ப்ளீஸ்' சொல்லுறா. 'தேங்க் யூ' சொல்லுறா. எனக்குப் பயமாயிருக்கு."

பரீட்சகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, நேரம் முடிந்துவிட்டது, போகலாம் என்றார்.

நடைபாதையில் வரும்போதுதான் றொமேசுக்கு உறைத்தது. மூன்று கிழமையாகச் சொல்லத் தெரியாமல் திரிந்ததை முன்பின் தெரியாத ஒருவரிடம் தமிழில் சொல்லியாயிற்று. அந்த மனிதரும் அவனோடு 'உட்காருங்க, சொல்லுங்க' என்றுதான் கதைத்தார். அந்த 'ங்க'வை மறப்பதற்கு முன் காருக்குப் போய்விட வேண்டும் என்று ஓடினான்.

"ஹவ் வோஸ் இட்?" என்றாள் பற்றிமா.

"அம்மா, என்னைப் பேசுங்கோ."

"வட்?"

"பேசுங்கோ, அம்மா. எனக்கு எல்லாம் விளங்கும். அண்டைக்குச் சொன்னது பொய்."

பற்றிமா முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் கலங்கியது அவனுக்குத் தெரிந்தது. ஆனால் அவளும் லேசுப்பட்டவளல்ல, மூன்று கிழமையாகப் பிடித்த பிடி. "தட்ஸ் ஓகே," என்று சொல்லிச் சாவியைத் திருப்பினாள்.

றொமேசிடம் மிஞ்சியிருந்தது ஒன்றுதான். "உள்ளுக்கு நான் உங்களை மாதிரிப் பேசிக் காட்டினனான். குண்டியில சூரியன் சுடுறது, மாதாவோட சண்டை பிடிக்கிறது, எல்லாம். அவை ரெக்கோட் பண்ணினவை."

கார் ஒரு உதறு உதறி நின்றுபோனது.

"என்ன?" என்றாள் பற்றிமா.

தமிழ்.

"எடேய் விடுபேயா! அரசாங்கச் சோதினையில போய்க் குண்டி எண்டு சொன்னனியோ? அதை ரெக்கோட்டில வேற பிடிச்சு வைச்சிருக்கிறாங்களோ? அந்த மனுசன் என்னைப் பற்றி என்ன நினைச்சிருக்கும்? இனி நான் எந்த முகத்தோட கோயிலுக்குப் போறது?" கார் திரும்பவும் உயிர் பெற்றுத் தெருவுக்கு ஏறியது. பற்றிமாவின் குரலும் ஏறியது. "அம்மா கதைக்கிறது விளங்கேல்லையாம், அம்மாவைப் பழிச்சுக் காட்ட மட்டும் விளங்குதாம்! ரைல் பதிக்கப் போறாராம், ரைல்! முதல்ல உன்ர அறையில நிலம் எங்க இருக்குதெண்டு தேடிக் கண்டுபிடி, மொக்கா, பிறகு ஊரான் வீட்டு நிலத்துக்குப் போகலாம். மூண்டு கிழமையா என்ர வாய்க்குள்ள எவ்வளவு கிடந்தது தெரியுமோ? அந்தச் சப்பாத்து! மாதாவுக்குப் பக்கத்தில! அண்டைக்கு இங்கிலிஷில ப்ளீஸ் சொல்ல நான் பட்ட பாடு அந்த மாதாவுக்குத்தான் தெரியும். நாக்குச் செத்துப் போச்சு எனக்கு!"

நெடுஞ்சாலை முழுக்கப் பேசினாள். அழுதுகொண்டு பேசினாள், மூக்கைச் சீறிவிட்டுப் பேசினாள், சிவப்பு விளக்கில் பக்கத்துக் காரில் இருந்தவர் திரும்பிப் பார்க்க அவரையும் சேர்த்துப் பேசினாள். றொமேஷ் இருக்கையில் நன்றாகச் சாய்ந்து இருந்தான். மூன்று கிழமைக்குப் பிறகு அவனுக்குப் பசித்தது.

வீட்டு வாசலில் கார் நின்றபோதும் அவள் முடித்திருக்கவில்லை. முற்றத்தில் நின்ற எமிலியானுஸ் சத்தத்தைக் கேட்டார். மூடிய கண்ணாடிக்குள் மனைவியின் கை வீசுவதைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பாகக் குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு தெருவுக்குப் போனார். அதைக் காலையில்தான் காலியாக்கியிருந்தார்கள்.

பற்றிமா கடைசியாக மூச்சு எடுத்தாள். சாவியைப் பிடுங்கி, மகனைத் திரும்பிப் பார்த்தாள்.

"விளங்குதோ?"

"விளங்குது, அம்மா."