கீழ்வீட்டில் ஒரு பெண் அந்துப்பூச்சி

மூன்று வருஷமாக அந்த வீட்டில் மாப்பிள்ளையும் மச்சானும் பேசிக்கொள்வதில்லை. பேசிக்கொள்ளாதவர்கள் வாயை மூடிக்கொண்டு இருப்பார்கள் என்று நினைத்தால் தப்பு. இருவரும் ஓயாமல் பேசினார்கள், நடுவில் ஒரு பெண்ணை நிறுத்தி வைத்துக்கொண்டு.

கீழ்வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். தெருவில் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்றுதான் பெயர். மேல்வீட்டில் இருந்தவர் அவர் மனைவியின் அண்ணன், லிஃப்ட் மெக்கானிக், ஒண்டிக்கட்டை. நடுவில் மாட்டிக்கொண்ட மனைவிக்கு ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. காலை எட்டிலிருந்து நாலு வரை ஊரார் பேச்சை ஊராருக்கு இணைத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் இங்கேயும் அதே வேலை.

"உங்க அண்ணன்கிட்ட சொல்லு, கொய்யா மரத்துல கிழக்குப் பக்கக் கிளையில கை வைக்கக் கூடாதுன்னு" என்பார் கண்ணாடிக்காரர்.

அண்ணன் ஆறு படி மேலே நின்று காதால் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். "வச்சா என்ன கிழிப்பாராம்னு கேளு."

"என்ன கிழிப்பீங்களாம்?" என்பாள் அவள், வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

சண்டைக்குக் காரணம் அந்துப்பூச்சி. அலமாரியில் துணியை அரிக்கும் தம்மாத்துண்டுப் பூச்சியை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது உள்ளங்கையை முழுசாக மறைக்கும். செங்கல் நிறம், இறக்கைக்கு ஒன்றாக நாலு வெள்ளைப் பிறை. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் லிஃப்ட் மோட்டார் அறையில் இப்படி ஒரு பெண் பூச்சியைக் கண்டு, லிஃப்ட்காரர் அதைத் தன் டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு வந்தார். வருகிற வழியிலேயே அது மூடியில் முட்டை வைத்துவிட்டது. "மாப்ளே, இந்தப் பைத்தியமெல்லாம் உங்களுக்குத்தானே சரி, பிடிங்க" என்று கொடுத்துவிட்டு அவர் மறந்துபோனார்.

கண்ணாடிக்காரர் அதுவரை எலுமிச்சைச் செடியில் வண்ணத்துப்பூச்சி வளர்த்துக்கொண்டிருந்தவர். அவற்றை அப்படியே கைவிட்டுவிட்டு இதில் விழுந்தார். பின்னறையில் வலைக்கூண்டுகள், கொய்யாக் கிளை சொருகிய பாட்டில்கள், தேதி எழுதிய சீட்டுகள். தலைமுறை தலைமுறையாக ஐந்து வருஷம் கட்டிக் காத்தார். ஆறாவது வருஷம் அவர் பெரியப்பா மகள் கல்யாணத்துக்குப் போன சமயம், லிஃப்ட்காரர் பின்னறைக்குள் புகுந்து முப்பது முட்டைகளை எடுத்துப்போய் மேலே வளர்த்தார். வளர்த்ததோடு விட்டாரா? நூலகத்தில் நடந்த பூச்சிக் கண்காட்சியில் தன் பெயரை அட்டையில் எழுதி வைத்துக்கொண்டு, பக்கத்தில் கையைக் கட்டி நின்றார்.

"இது திருட்டுப் பூச்சி" என்றார் கண்ணாடிக்காரர், நூலகரும் நாலு குழந்தைகளும் பார்த்துக்கொண்டிருக்க.

"நான் கண்டெடுத்த பூச்சிக்கு நானே திருடனா?" என்றார் லிஃப்ட்காரர். அவர்கள் கடைசியாக நேருக்கு நேர் பேசியது அதுதான்.

இந்த வருஷம் கீழ்வீட்டுக் கூண்டுகளில் நூற்று நாற்பது புழுக்கள் இருந்தன. மழை விட்ட ஒரு வாரத்தில் கொய்யா இலைகள்மேல் வெள்ளை வெள்ளையாக ஏதோ படிந்திருப்பதைக் கண்ணாடிக்காரர் பார்த்தார். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. பாவி மருந்து அடித்திருக்கிறான். அன்றிலிருந்து ஒவ்வொரு இலையையும் வாளித் தண்ணீரில் அலசி அலசிப் போட்டார். வேலைக்குப் போகும் அவசரத்தில் உதறக்கூட நேரமிருக்காது. பத்தாம் நாளிலிருந்து புழுக்கள் துவண்டன. பின்னங்காலால் காம்பைப் பிடித்தபடி தலைகீழாகத் தொங்கி, கறுப்பாகத் தண்ணீர் ஒழுகிச் செத்தன. அவர் தினமும் செத்ததை வழித்துப் போட்டுவிட்டு, மாடிப்படியைப் பார்த்து ஒரு சாபம் விட்டார்.

மிஞ்சியது மூன்று கூடு. ஒன்று காய்ந்துபோனது. இன்னொன்றைக் குலுக்கினால் உள்ளே செத்துக் காய்ந்தது கடகடவென்றது. மூன்றாவது ஒரு திங்கட்கிழமை மதியம் திறந்து, ஒரு பெண் பூச்சி வெளியே வந்து வலையில் தொங்கி இறக்கையை விரித்தது. ஒரு குறையும் இல்லாத பூச்சி. பார்த்ததும் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

அந்தப் பூச்சிக்கு வாய் கிடையாது. புழுவாக இருந்தபோது தின்றதுதான் ஆயுசுக்கும் சாப்பாடு. ஆறு நாள், மிஞ்சினால் ஏழு நாள் இருக்கும். அதற்குள் ஆண் சேராவிட்டால் எட்டு வருஷப் பரம்பரை அதோடு சரி. வெளியிலிருந்து ஆண் வரும் என்ற நம்பிக்கை அவருக்கு இல்லை. சுற்றிலும் மரங்களை வெட்டிக் கட்டடம் எழுப்பிவிட்டார்கள். ஆண் பூச்சிகள் இருந்த ஒரே இடம் தலைக்கு மேலே பன்னிரண்டு அடி உயரத்தில்.

பொழுது சாயும் நேரத்தில் பெண் பூச்சி வயிற்றின் நுனியை நீட்டி, மனித மூக்குக்கு எட்டாத ஒரு வாசனையை விடும். கண்ணாடிக்காரர் கூண்டை ஜன்னலோரம் வைத்தார். கால் மணி நேரத்தில் மேலே படபடவென்று சத்தம், யாரோ காகிதக் கட்டை விசிறுவது போல. பிறகு படியில் செருப்புச் சத்தம்.

"அந்த ஆளை ஜன்னலைச் சாத்தச் சொல்லு" என்று லிஃப்ட்காரர் தங்கையிடம் கத்தினார். "பதினோரு ஆம்பளைப் பூச்சி கூண்டுல மோதி மோதி இறக்கையைக் கிழிச்சுக்குது."

"என் ஜன்னல். என் காத்து. திறந்துதான் வைப்பேன்னு சொல்லு."

"வேணும்னே பண்றாரு."

"ஆமா, வேணும்னேதான்னு சொல்லு."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

செவ்வாய்க்கிழமையும் அதே கூத்து. புதன்கிழமை மேல்வீட்டு ஜன்னலில் பிளாஸ்டிக் தாள் ஒட்டப்பட்டிருந்தது, ஓரமெல்லாம் டேப். அப்படியும் படபடப்பு நிற்கவில்லை. மாடிப்படி வழியாக வாசனை ஏறியிருக்க வேண்டும். கீழே உட்கார்ந்து அதைக் கேட்கக் கேட்கக் கண்ணாடிக்காரருக்கு ஒரு பக்கம் மனசு குளிர்ந்தது. கிழியட்டும், நன்றாகக் கிழியட்டும். இன்னொரு பக்கம் விரல் விட்டு எண்ணினார். மூன்று நாள் போய்விட்டது.

"ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்றாள் மனைவி. "ஒரு பூச்சி தாங்க மச்சான்னு. வேணாம்னா நான் கேக்கறேன்."

"நீ கேட்டா நான் கேட்ட மாதிரி. திருடன்கிட்டப் போய் என் பொருளையே நான் பிச்சை கேக்கணுமா?"

"அவரு கீழ வந்து கேக்கலாம்ல, அவருக்கும் அதே வீம்பு. அந்தப் பூச்சிக்குத்தான் வாய் இல்ல, விட்டுடலாம். உங்க ரெண்டு பேருக்கும் என்ன கேடு?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாய் இருப்பவர்களின் கஷ்டம் அவளுக்கு எங்கே புரியப் போகிறது என்று நினைத்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் எங்கோ ஒரு லிஃப்டில் ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள் என்று போன் வந்து லிஃப்ட்காரர் பையோடு ஓடினார். மனைவி காய்கறி வாங்கப் போயிருந்தாள். மேல்வீட்டு மாற்றுச்சாவி அடுக்களை ஆணியில் தொங்கியது. கண்ணாடிக்காரர் அதைப் பத்து நிமிஷம் பார்த்தார். பிறகு, தன் பொருளைத் தான் எடுப்பது திருட்டாகாது என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டு படியேறினார்.

மேல்வீட்டுக் கூண்டு ஆள் உயரத்துக்கு இருந்தது. ஒரு ஆண் போதும், பிடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிவிடலாம் என்பது திட்டம். கதவின் கொக்கியைத் தள்ளினார். அடுத்த கணம் முகத்தில் இறக்கை அடித்தது. ஒன்று சட்டைப் பையில் வந்து உட்கார்ந்தது. இன்னொன்று காலரில். பிறகு மூன்று, நாலு. பறக்க முடியாதவை தரையில் விழுந்து, அவர் வேட்டியைப் பற்றி ஏறின.

மதியம் கூண்டைத் துடைக்கும்போது பெண் பூச்சியைச் சட்டைமேல் ஏற்றி வைத்திருந்தது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அதே சட்டை. வாசனை முழுக்க அதில்தான். எட்டு வருஷம் பூச்சி வளர்த்தவன் செய்கிற காரியமா இது!

அசைந்தால் ஒன்று நசுங்கும். கையைத் தூக்கினால் இன்னொன்று ஓடும். பதினோரு பூச்சிகளைச் சுமந்துகொண்டு அறை நடுவில் வெகுநேரம் நின்றார். பக்கத்தில் பார்க்கும்போதுதான் தெரிந்தது, இறக்கை என்று சொல்ல அவற்றிடம் அதிகம் மிச்சமில்லை. சிலவற்றுக்கு நரம்பு மட்டும் குச்சியாக நீட்டிக்கொண்டிருந்தது. பையின்மேல் இருந்தது வயிற்றை வளைத்து வளைத்துத் துணியோடு சேரப் பார்த்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது.

அறைக் கதவு திறந்தது. லிஃப்ட்காரர் பையோடு நின்றார்.

"அசையாதே" என்றார்.

மூன்று வருஷத்தில் நேராகச் சொன்ன முதல் வார்த்தை. அதுவும் நீங்கள் போய் நீ ஆகியிருந்தது. ஜன்னலைச் சரிபார்த்து, கதவைச் சாத்திவிட்டு வந்து, ஒவ்வொரு பூச்சியாக எடுத்துக் கூண்டில் விட்டார். கை மெதுவாக இருந்தது, வாய் அப்படி இல்லை.

"மூணு வருஷமா என்னைத் திருடன்னு சொன்ன வாய் எங்க? தெரு பூரா சொன்னியே. இப்போ யாரு வீட்டுல யாரு நிக்கறா?"

"நீங்க என் புழுவைக் கொன்னீங்க. இலையில மருந்து அடிச்சீங்க."

லிஃப்ட்காரர் கையில் பூச்சியோடு நின்றுவிட்டார். "மருந்தா? அறிவிருக்கா உனக்கு? என் புழுவும் அதே மரத்தைத்தானே தின்னுது? மருந்து அடிச்சா என்னோடது எப்படி உயிரோட இருக்கும்?"

"வெள்ளையா படிஞ்சிருந்துச்சே."

"பின்தெருவுல சுவர் இடிச்சாங்க. சுண்ணாம்புத் தூசி. நான் துணியால துடைச்சுப் போட்டேன். நீ என்ன பண்ணினே?"

"கழுவினேன்."

"காய வச்சியா?"

அதற்கு மேல் ஒரு கேள்வியும் தேவைப்படவில்லை. ஈர இலை தின்ற புழு அழுகிப்போகும் என்பது பூச்சி வளர்ப்பவனுக்கு முதல் பாடம். சந்தேகம் கண்ணை மறைத்ததில் அந்தப் பாடமே அவருக்கு மறந்திருந்தது. நூற்று நாற்பதையும் தன் கையாலேயே குளிப்பாட்டிக் கொன்றிருக்கிறார். முகத்தில் ஈயாடவில்லை.

"எனக்கு வந்தது பூரா ஆம்பளை" என்றார் லிஃப்ட்காரர், இன்னும் கோபம் தீராமல். "ஒரு பொம்பளை கிடையாது. உன்கிட்ட இருக்கறதுதான் கடைசி. நீயா வந்து கேப்பேன்னு நாலு நாளா காத்துக்கிட்டு இருந்தேன். நானா இறங்கி வந்தா திருடன் வந்துட்டான்னு சொல்லுவே."

"கொடுங்க மச்சான்" என்றார் கண்ணாடிக்காரர். அந்த வார்த்தை இவ்வளவு லேசாக வந்துவிடும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

லிஃப்ட்காரர் அதிகம் கிழியாத ஒன்றைத் தேடி எடுத்து இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டார். இருவரும் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள்.

பின்னறை வாசலில் மனைவி நின்றாள், காய்கறிப் பையைக்கூட இறக்கி வைக்காமல். முகமெல்லாம் சிரிப்பு. "வந்து பாருங்க, முட்டை போட்டுடுச்சு! வலை பூரா முட்டை!"

இருவரும் பார்த்தார்கள். வரிசை வரிசையாக, வெள்ளையாக, இருநூறுக்குக் குறையாது. ஆணுக்குக் காத்துக் காத்துப் பார்த்து, வயிற்றில் இருந்ததையெல்லாம் பூச்சி அப்படியே இறக்கி வைத்துவிட்டது. லிஃப்ட்காரர் கையைத் திறந்து ஆணைக் கூண்டில் விட்டார். அது பெண்ணின் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவளிடம் வாசனை நின்றுபோயிருந்தது. ஒட்டிப்போன வயிற்றோடு அவள் வலையின் அடியில் கிடந்தாள்.

"இழவு வீட்டுல நிக்கற மாதிரி ஏன் நிக்கறீங்க?" என்றாள் மனைவி.

"அதெல்லாம் வெறும் முட்டை" என்றார் கண்ணாடிக்காரர். "ஒண்ணுகூடப் பொரியாது. முடிஞ்சு போச்சு. நான்தான் கொன்னேன்."

அண்ணன் ஏதாவது ஆறுதல் சொல்வார் என்று அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமா" என்றார் லிஃப்ட்காரர். "நீதான்." அந்த ஆணை மறுபடியும் கைக்குள் பொத்திக்கொண்டு திரும்பினார்.

அவள் காய்கறிப் பையைத் தரையில் வைத்தாள். அண்ணனையும் நிற்கச் சொன்னாள். குரல் உயரவில்லை, ஆனால் இரண்டு ஆம்பளைகளும் நின்றார்கள்.

"உன்கிட்டயும் இல்ல, இவருகிட்டயும் இல்ல. சரி. இனிமே எதை வச்சுச் சண்டை போடுவீங்க ரெண்டு பேரும்?"

லிஃப்ட்காரர் படியேறிப் போனார். கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார். மேல்வீட்டைத் திட்ட ஒன்றாவது கிடைக்குமா என்று மனதுக்குள் துழாவிப் பார்த்தார், மூன்று வருஷத்தில் முதல் முறையாக ஒன்றும் அகப்படவில்லை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து, மனைவி பார்க்கிறாள் என்றும் பாராமல், குலுங்கிக் குலுங்கி அழுதார்.