போகி இரும்பு

எங்கள் வீட்டு வாசலில் நான்கு படி. கோவளத்தில் மழைத் தண்ணீர் வீட்டுக்குள் ஏறுகிறது என்று உயர்த்திக் கட்டியதால் வந்த வினை. தண்ணீர் உள்ளே வரவில்லை. நடக்க முடியாத நானும் வெளியே போக முடியவில்லை. அதனால் படிமேல் சாய்த்துப் போட, ஷேக் தாவூத் பாயின் காயலான் கடையில் கனத்த இரும்புத் தகடு ஒன்று வாங்கினோம். கூடத்தில் நிற்கும் என் மூன்று சக்கர ஸ்கூட்டரில் ஏறினால், அந்தத் தகட்டின் வழியாக நேராகத் தெருவில் இறங்கிவிடுவேன். யாரும் என்னைத் தூக்க வேண்டாம். தூக்குகிறவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் தூக்கும்போது என் தலைக்கு மேலே, அரிசி மூட்டையை எங்கே இறக்குவது என்பதுபோலப் பேசிக்கொள்வார்கள். அது எனக்கு ஆகாது.

அந்தத் தகடுதான் போகியன்று திருடு போனது.

கொஞ்ச நாளாகவே எங்கள் தெருவில் இரும்பு தங்குவதில்லை. சாக்கடை மூடி போனது, அடிபம்புக் கைப்பிடி போனது. அப்படியிருந்தும் என் அம்மா காசியம்மாள், பொங்கலுக்கு வாசலைக் கழுவுகிறேன் என்று தகட்டை எடுத்துச் சுவரோரம் சாய்த்துவிட்டாள். போகியன்று வாசலில் கிடப்பதெல்லாம் வேண்டாததுதான் என்று ஊருக்கே தெரியும். பட்டப்பகலில் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாலும் ஒருவரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். திருடனுக்கு அதைவிட நல்ல நாள் உண்டா?

காணும் பொங்கலன்று முட்டுக்காடு படகுத் துறையில் சீட்டுக் கொடுக்க நான் போக வேண்டும். அந்த ஒரு நாள் கூட்டத்தைச் சமாளித்தால் வேலை நிரந்தரம் என்றிருந்தார் மேனேஜர். "கூட ஆள் வேணுமா?" என்று கேட்டவரிடம், "தனியாவே வருவேன் சார்" என்று நிமிர்ந்து சொல்லியிருந்தேன்.

பாய்க்குப் போன் போட்டேன்.

"பாய், எங்க வூட்டுத் தகடு உங்க கடைக்கு வந்துச்சா?"

"தெர்லியேம்மா. போகின்னு காலைலேர்ந்து வண்டி வண்டியா வந்துகினே இருந்துச்சு. எல்லாத்தையும் லாரில ஏத்தி, தார்ப்பாய் கட்டியாச்சு."

"திருட்டு மாலான்னு கேக்காம வாங்கிடுவீங்களா? நீங்க வாங்கறதாலதான் அவனுங்க திருடுறானுங்க!"

"பாக்கறேம்மா" என்று வைத்துவிட்டார்.

யானை வாயில் போன கரும்பு திரும்பியா வரும்? பொங்கல் அன்று நான் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. அம்மா அடுப்படியில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆறுதல் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

காணும் பொங்கல் விடிந்தது. என்னைத் தூக்கி இறக்க அம்மா பக்கத்து வீட்டுக் கிருபாகரனைக் கூப்பிடக் கிளம்பினாள். "வேணாம், நான் வேலைக்கே போகல" என்று கத்தினேன். அப்போதுதான் வாசலில் டமாரென்று சத்தம் கேட்டது.

பாயும் அவர் கடை ஆள் சடையப்பனும் எங்கள் தகட்டைப் படிமேல் போட்டுக்கொண்டிருந்தார்கள். சக்கரம் வழுக்காமல் இருக்க அம்மா அதில் ஒட்டிய பழைய டயர்ப் பட்டைகள்கூட அப்படியே இருந்தன. பாயின் சட்டை முழுக்கத் துரு.

"எப்டி பாய் கெடைச்சுது?"

"மேலயே கெடந்துச்சும்மா. வேற இன்னா, கெளம்பு."

அதுவரை அவர்மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஸ்கூட்டரில் ஏறிச் சாவியைத் திருகினேன். ஸ்கூட்டர் தகட்டில் தடதடவென்று இறங்கியது.

முனையில் திரும்பியதும் பிரேக் போட்டேன். பாயின் கடை வாசலில் லாரி காலியாக நின்றது. அதிலிருந்த இரும்பு முழுதும் தெருவை அடைத்துக் குவிந்து கிடந்தது: கட்டில் கால், ஜன்னல் கம்பி, உடைந்த சைக்கிள், எங்கள் தெருச் சாக்கடை மூடியும்தான். பாயின் மனைவி ஷாஜாதி அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒவ்வொன்றாய் மறுபடி லாரிக்குள் எறிந்துகொண்டிருந்தார். கையில் துணி சுற்றியிருந்தது, அதில் ரத்தம்.

"இன்னாக்கா இது?"

"உன் தகடுதான். ரெண்டு நாளா எறக்கிகினே இருந்தோம். அடிலேர்ந்து வந்துச்சு. பாவம் சடையப்பன், பொங்கலுக்குக்கூட வூட்டுக்குப் போவல."

பின்னாலேயே நடந்து வந்த பாயைத் திரும்பிப் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது.

"மேலயே கெடந்துச்சுன்னு சொன்னீங்களே பாய்?"

அவர் குனிந்து ஒரு கம்பியை எடுத்தார்.

"லாரிய கவுத்துப் பாத்தா அதான் மேல. போம்மா, சீட்டு குடுக்க லேட்டாவுது."

சக்கரம் போகிற அளவுக்கு இரும்பைக் காலால் தள்ளி, எனக்கு வழி விட்டார்.