மடிப்பு ஓடும் பக்கம்

மகள் அம்மாவின் தலையை வாரிக்கொண்டிருந்தாள். காலையில்தான் உயிர் போயிருந்தது. ஆய்வுக்கூடத்து வண்டி வாசலில் வந்து நின்றுவிட்டது. தன் உடம்பை, முக்கியமாகப் பிடரிக்குள் இருக்கும் சிறுமூளையை, தான் வேலை பார்த்த கூடத்துக்கே எழுதிவைத்திருந்தாள் அம்மா. நேரம் போனால் எதற்கும் உதவாதாம். அப்பா தலையசைத்தால் போதும். அவரோ கட்டில் காலைப் பிடித்தபடி, யார் கேட்டாலும் "பார்க்கலாம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

சீப்பு இறங்க இறங்க முடி நேராகப் படிந்தது. சிறுவயதில் இவளுக்குப் பின்னிவிடும்போது அம்மா சொல்வாள், சிறுமூளையிலும் இப்படித்தான், மடிப்பு ஓடும் பக்கமாகவே நரம்பிழைகள் வாரிவிட்டாற்போல ஓடும் என்று. சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்து ஒரு சிரிப்பு.

அந்தச் சிரிப்புக்கு ஒரு கதை உண்டு, கேளுங்கள். அம்மா அப்போது ஆராய்ச்சி மாணவி. அப்பா அதே கூடத்தில், மூளையை மெல்லிய ஏடாக வெட்டும் வேலைக்குப் புதுசு. அவள் பொத்திப் பொத்திப் பதப்படுத்தி வைத்திருந்த ஆட்டுச் சிறுமூளையை, மடிப்போடு ஒட்டி வெட்டாமல் குறுக்கே வெட்டித் தள்ளிவிட்டார். நுண்ணோக்கியில் கோடுகளைத் தேடியவளுக்கு வெறும் புள்ளிகள்; இழைகளெல்லாம் அறுபட்ட முனையைத்தான் காட்டின. வேலை போயிற்று என்று அவர் நின்றிருக்க, அவள் தலையைத் தூக்காமலே கேட்டாளாம்:

"என்ன சார், கடுகைக் கொட்டி வச்சிருக்கீங்க?"

அன்றிலிருந்து அவர் 'கடுகு சார்'. பிள்ளை பிறந்த பிறகும் அதுதான். நேற்று நாக்குக் குழறிய நேரத்திலும் அதுதான்.

கூடத்து டாக்டரம்மா கதவருகே வந்து தயங்கி நின்றார். மகள் சீப்பைக் கீழே வைத்தாள். மனசு இல்லாவிட்டால் வேண்டாம்ப்பா, அம்மா கோவிச்சுக்க மாட்டாங்க என்றாள்.

அப்பா எழுந்தார். அம்மாவின் பிடரிக்கு அடியில் கையை நுழைத்து ஏந்திக்கொண்டார்.

"யாரும்மா வெட்டப் போறது?"

"நான்தாங்கய்யா."

"குறுக்க போட்டுடாதீங்க. மடிப்பு ஓடுற பக்கமாவே வெட்டுங்க. அவளுக்குக் கோடுதான் பிடிக்கும்."

டாக்டரம்மாவுக்குத் தெரியாத சங்கதியா அது? ஆனாலும் புதிதாகக் கேட்டவர்போல், "சரிங்கய்யா, அப்படியே செய்யுறேன்" என்றார்.

வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்றுவிட்டு மகள் உள்ளே வந்தாள். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கையில் அந்தச் சீப்பு. பல்லில் சிக்கியிருந்த நரைமுடிகளை ஒவ்வொன்றாக எடுத்து, மடியில் விரித்த கைக்குட்டையில், ஒரே பக்கமாகப் படுக்கவைத்துக்கொண்டிருந்தார்.