வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் காந்திமதியின் பாத்திரக் கடைக்குச் சரக்குக் கொண்டுவரும் மொத்த வியாபாரிகள், படியேறும் முன் எதிர்க்கடையில் ஒரு சோடா குடித்துவிட்டுத்தான் வருவார்கள். பேரத்தில் தோற்கப்போவது உறுதி. தொண்டையாவது காயாமல் தோற்கலாமே என்று. எவர்சில்வர் குடத்தைச் சுண்டிப் பார்த்தே ஆளின் முகத்தை வாட வைப்பாள்.

அப்பேர்ப்பட்டவள் தண்ணீரிடம் மட்டும் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. குற்றாலம் போனாள், பை பார்த்துக்கொண்டாள். ஒகேனக்கல் போனாள், பையோடு சேர்த்து ஊரார் செருப்பையும் பார்த்துக்கொண்டாள். தண்ணீர் என்று ஒன்று இருந்தால், குடும்பத்தில் ஒருத்தர் கரையில் உட்கார்ந்தாக வேண்டும். அந்த ஒருத்தர் யார் என்று வாய்விட்டு யாரும் சொன்னது கிடையாது. வாட்ச், மூக்குக் கண்ணாடி, பர்ஸ், மாற்றுத்துணி எல்லாம் தாமாகவே அவள் மடிக்கு வந்து சேரும்.

போன வருஷம் மார்க்கெட் ஆட்களோடு இமயமலையில் மணிகரண் போனபோதும் அதே கதை. பூமிக்குள்ளிருந்து வெந்நீர் கொதித்துக்கொண்டு வருகிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து, கழுத்துவரை அதில் உட்கார வேண்டும் என்பது அவள் ஆசை. காலையிலிருந்து ராத்திரிவரை கடையில் நின்று நின்று முழங்கால் இரண்டும் அவளோடு பேச்சுவார்த்தையை நிறுத்தியிருந்தன. ரயில், பஸ், குளிர் எல்லாம் தாங்கிப் போய்ச் சேர்ந்தால், ஆண்கள் முதலில் இறங்கினார்கள். நிதானமாக ஊறினார்கள். பெண்கள் பக்கம் வரிசை நகர்வதற்குள் பஸ்காரன் ஹாரன் அடித்துவிட்டான். அங்கே அரிசியைத் துணியில் முடிந்து ஊற்றில் தொங்கவிட்டு வேக வைக்கிறார்கள். அரிசிகூட அந்தத் தண்ணீரில் இறங்கியது. காந்திமதி இறங்கவில்லை.

இந்த நிலையில்தான் பக்கத்துத் தையல்கடை பியூலா போனை நீட்டினாள். கூடுவாஞ்சேரி தாண்டி உள்ளே போனால் ஒரு மாந்தோப்பு. அதில் கருங்கல் தொட்டிகள், தொட்டியில் ஆவி பறக்கும் தண்ணீர்.

"அக்கா, இங்க பாரேன். மணிகரண் நம்ம ஜிஎஸ்டி ரோட்டுக்கே வந்துகீது!"

சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலையை உதறிவிட்டு வந்த ஷ்யாம்சுந்தர் என்பவர் அதை நடத்தினார். தேசம் தேசமாகப் போய் வெந்நீர் ஊற்றுகளில் ஊறியவராம். இங்கே பூமிக்கடியில் ஊற்றுக்கு வழியில்லை என்பதால் கிணற்றுத் தண்ணீரைச் சவுக்கு விறகில் காய்ச்சி விடுகிறார். "ஊற்று இல்லை, ஊற்று மாதிரி" என்று வாசலிலேயே எழுதி வைத்திருந்தார். அந்த நேர்மை காந்திமதிக்குப் பிடித்தது. மாதிரி என்று சொல்லி மாதிரியை விற்பவனை அவள் மார்க்கெட்டில் பார்த்ததே இல்லை.

கணவர் தட்சிணாமூர்த்திக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"வெந்நீர்ல குளிக்கக் கூடுவாஞ்சேரி போறியா? வூட்ல கெய்சர் கீதே!"

"கெய்சர் கீது. காலை நீட்டிக்கினு உக்கார எடம் கீதா? ரெண்டாவது சொம்பு ஊத்தறதுக்குள்ள, கடைக்கு ஆள் வந்துகீதுன்னு கதவ ஒடைக்கிறே."

"போ போ. எனக்குத் தெரியாதா? அங்கயும் கரையில பைய மடியில வெச்சிக்கினு குந்தியிருக்கப் போற. உன் ராசி அது."

அந்த ஒரு வார்த்தை போதும். வெள்ளிக்கிழமை அவர் கடையில் உட்காருவது என்று அந்த நிமிஷமே முடிவாயிற்று.

மார்க்கெட் தெருப் பெண்களும், பாரதமாதா தெருப்பக்கத்துக் காலனியிலிருந்து ரிட்டயரான டீச்சர் லோகநாயகியும் சேர்ந்து ஒரு வேன் நிறைந்தது. வெள்ளிக்கிழமை, அதுவும் வெந்நீர்க் குளியல் என்றால் ஒரு தமிழ்ப் பெண் எப்படிக் கிளம்புவாள்? மிளகும் சீரகமும் பொரித்த நல்லெண்ணெயை உச்சி முதல் உள்ளங்கால் வரை அரக்கித் தேய்த்து, தலையில் துண்டைச் சுற்றி, நைட்டிக்கு மேல் இன்னொரு துண்டைப் போட்டுக்கொண்டு, கையில் சீயக்காய்ப் பொட்டலத்தோடுதான் கிளம்புவாள். ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் செய்யவில்லை, கேட்டும் செய்யவில்லை. வேனில் ஏறிப் பார்த்தால் பியூலாவைத் தவிர எல்லாரும் பளபளவென்று மின்னினார்கள். பியூலாவுக்குச் சளி, அதனால் எண்ணெய் இல்லை.

"அக்கா, சீட்டெல்லாம் வழியுது. நாளைக்கு இதுல கல்யாண பார்ட்டி ஏறணும்," என்று வண்டலூர் வரைக்கும் புலம்பிக்கொண்டே வந்தார் டிரைவர் சிட்டிபாபு.

"உன் சீட்டு கீச்சு கீச்சுனு கத்துது சிட்டிபாபு. எண்ணெ பட்டா நிக்கும்," என்றாள் காந்திமதி.

தோப்பு வாசலில் ஷ்யாம்சுந்தர் புன்னகையோடு நின்றிருந்தார். முதல் பெண் இறங்கினாள். புன்னகை குறைந்தது. நாலாவது பெண் இறங்கியபோது அது முழுசாகவே காணாமல் போயிற்று.

"மேடம்... இது என்ன, ஆயிலா?"

"நல்லெண்ணெ. செக்குல ஆட்டினது," என்றாள் காந்திமதி பெருமையாக.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். தொட்டித் தண்ணீர் நிற்பதில்லை. பம்ப் அதை இழுத்து, மணல் வடிகட்டியில் விட்டு, மறுபடி அடுப்புக்கு அனுப்பிச் சுற்றிக்கொண்டே இருக்கும். எண்ணெய் போனால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். மணலையெல்லாம் அள்ளிக் கொட்டி மாற்ற வேண்டும்.

"ஸாரி மேடம், ரியலி ஸாரி. ஆயில் போட்டவங்களை அலோ பண்ண முடியாது. பணத்தைத் திருப்பித் தந்துடறேன். எல்லாரும் சுக்குக் காப்பி சாப்பிட்டுட்டு, தோப்பைச் சுத்திப் பாருங்க. ஆயில் போடாதவங்க மட்டும் இறங்கலாம்."

லோகநாயகி டீச்சர் முப்பது வருஷம் விதிகளைச் சொல்லிக்கொடுத்தே பழகியவர். விதி என்று கேட்டதும் உடனே அடங்கிவிட்டார். "அவர் சொல்றதும் நியாயம்தானே காந்திமதி. நாம ஒரு ஓரமா உக்காந்துக்கலாம். பியூலா மட்டும் குளிச்சிட்டு வரட்டும்."

பியூலாவுக்குச் சங்கடந்தான். ஆனாலும் ஆவியைப் பார்த்ததும் கால் தானாக முன்னே போயிற்று. போகிற போக்கில், "அக்கா, இத்த செத்த பாத்துக்கோ," என்று தன் கைப்பையை நீட்டினாள்.

காந்திமதியின் கை பழக்கத்தில் நீண்டு அதை வாங்கிக்கொண்டது. வாங்கிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மற்றவர்களும் அவளுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாகப் பைகளை இறக்கி வைக்கத் தொடங்கியிருந்தார்கள். எதிரில் தண்ணீர். இந்தப் பக்கம் பை. நடுவில் அவள். இமயமலையில் நடந்தது அப்படியே கூடுவாஞ்சேரிக்கு வந்து நிற்கிறது. கணவர் கடையில் உட்கார்ந்தபடி இந்நேரம் சிரித்துக்கொண்டிருப்பார்.

அவள் பியூலாவின் பையை மண்ணில் வைத்தாள். எழுந்தாள். சரக்கு பிடிக்கப் போகிற கடையைச் சுற்றிப் பார்ப்பதுபோல் மூன்று தொட்டிகளையும் ஒரு சுற்று வந்தாள். கல்லைத் தட்டிப் பார்த்தாள். வாசலில் வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்தாள். சிட்டிபாபுவின் வேனைத் தவிர ஒரு சைக்கிள்கூட இல்லை.

"எடம் நல்லாதான் கீது தம்பி. ஆள்தான் இல்ல," என்றாள்.

"வீக்கெண்டுக்கு ஃபுல் ஆயிடும் மேடம். சிறுசேரிலேர்ந்து வருவாங்க. வீக்டேஸ்ல கொஞ்சம் டல்தான்."

"அப்போ நாங்க கெளம்பறோம்." அவள் திரும்பி வேனை நோக்கி நடந்தாள். மார்க்கெட்டில் பிறந்தவர்களுக்குத் தெரியும், பேரம் தொடங்குவதே முதுகைக் காட்டிய பிறகுதான். மார்க்கெட்டில் பிறக்காத ஷ்யாம்சுந்தர் பதறிப்போய்ப் பின்னாலேயே வந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். நீங்க நாளைக்கு வந்திருந்தாகூட இதேதான் சொல்லியிருப்பேன். சொல்லப்போனா நாளைக்குத் தண்ணிகூட ஃப்ரெஷ்ஷா இருக்கும். இன்னிக்குச் சாயங்காலம் மொத்தத்தையும் எறக்கிடுவோம். தொட்டியைத் தேச்சுக் கழுவி, வாழைக்கு விட்டுட்டு, புதுசா ரொப்புவோம்."

காந்திமதி நின்றாள். எதிராளி வாயிலிருந்து தானாக விழுகிற ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் வாழ்நாள் முழுக்கக் காதைத் தீட்டி வைத்திருந்தாள்.

"இன்னா சொன்னே? சாயங்காலம் கொட்டப் போறியா?"

"ஆமா, வெள்ளிக்கிழமைதான் க்ளீனிங்."

"கொட்டப் போற தண்ணிக்கா தம்பி இவ்ளோ காவல்? பம்ப்ப நிறுத்து. தண்ணி சுத்தாது. சுத்தலன்னா எண்ணெ எங்க போவும் உன் வடிகட்டிக்கு?"

ஷ்யாம்சுந்தர் பம்ப்பைத் திரும்பிப் பார்த்தார். "பம்ப்பை நிறுத்தினா தண்ணி ஆறிடும் மேடம்."

"அது ஆர்றதுக்குள்ள நாங்க ஊறிடுவோம்."

"தொட்டியெல்லாம் பிசுக்குப் பிடிக்குமே?"

"மொதல்ல அந்த வாழைகிட்ட நின்னு சீயக்கா போட்டுத் தேச்சிட்டுத்தான் எறங்குவோம். மிச்சம் மீதி பிசுக்கு நீ எப்படியும் கழுவுவியே, அதோட போவும்."

"கழுவறதுக்கு உங்க ஆளுங்க கொஞ்சம் ஹெல்ப் பண்ணுவீங்களா?" மனுஷருக்குப் பேரம் என்னவென்று அப்போதுதான் லேசாகப் பிடிபட ஆரம்பித்திருந்தது.

"குளிக்க வந்தவ கழுவ மாட்டா. அத்த விடு. உனக்கு வெள்ளிக்கெழமை ஈ ஓட்டற நாள். எங்க தெருவுல வெள்ளிக்கெழமை எண்ணெ வெக்காத பொம்பளையே கெடையாது. வாராவாரம் ஒரு வேன் வரும். நீ கொட்டறதுக்கு முன்னாடி நாங்க குளிக்கிறோம், அவ்ளோதான். தண்ணி ரெண்டு தடவ வித்தா மாதிரி ஆச்சு. இந்த யாவாரம் வாணாம்னு சொல்லு, நான் சிட்டிபாபுவ வண்டி எடுக்கச் சொல்றேன்."

சிட்டிபாபு என்ன நினைத்தாரோ, சரியாக அந்த நேரம் பார்த்து ஒரு ஹாரன் அடித்தார்.

ஷ்யாம்சுந்தர் தொட்டிகளைப் பார்த்தார், காலியான வாசலைப் பார்த்தார், எண்ணெயில் மின்னும் அத்தனை நெற்றிகளையும் பார்த்தார். பிறகு நேராகப் போய்ப் பம்ப் சுவிட்சை அணைத்தார்.

தோப்பே அதிரும்படி ஒரு குலவை கிளம்பியது. வாழை மரங்களுக்கு நடுவே சீயக்காய் வாசனை பறந்தது. "முதுக நல்லாத் தேய்டீ, என் புருஷன் மூஞ்சின்னு நெனச்சுக்கோ," என்று யாரோ கத்த, டீச்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணில் சீயக்காய் போட்டுக்கொண்டார்.

காந்திமதி தலையை அலசிக்கொண்டு வந்தபோது பைகள் இன்னும் மண்ணிலேயே கிடந்தன. அத்தனையையும் வாரி எடுத்துப் போய், பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஷ்யாம்சுந்தரின் மடியில் அடுக்கினாள்.

"செத்த பாத்துக்கோ தம்பி."

பதிலுக்கு நிற்கவில்லை. முதல் படியில் கால் வைத்தாள். சூடு பாதத்தைச் சுருக்கென்று பிடித்தது. அடுத்த படி. முழங்கால்கள் இரண்டும் இத்தனை நாள் கோபத்தையும் மறந்து விட்டுக்கொடுத்தன. நைட்டிக்குள் காற்று புகுந்து பூசணிக்காய் மாதிரி உப்பி மேலே வர, இரண்டு கையாலும் அதை அமுக்கி விரட்டிவிட்டுக் கல் இருக்கையில் உட்கார்ந்தாள். தண்ணீர் இடுப்பைத் தாண்டி, மார்பைத் தாண்டி, கழுத்துக்கு வந்து நின்றது. காலை நீட்டினாள். நீட்டிய கால் எங்கும் இடிக்கவில்லை. யாரும் கதவைத் தட்டவில்லை; தட்டுவதற்குக் கதவே இல்லை. மேலே மாவிலைகள், அதற்கு மேலே வானம்.

"எப்படிக்கா கீது?" என்றாள் பக்கத்தில் ஊறிக்கொண்டிருந்த பியூலா.

காந்திமதி கண்ணை மூடி, தாடைவரை இன்னும் கொஞ்சம் இறங்கினாள்.

ஒரு மணி நேரம் கழித்து, பைகளைக் கட்டிப்பிடித்தபடியே ஷ்யாம்சுந்தர் தொட்டியோரம் வந்து தயங்கி நின்றார். "அக்கா, டைம் முடிஞ்சுது. தண்ணியும் ஆறியிருக்கும்." மேடம் எப்போது அக்காவானாள் என்பது அவருக்கே தெரிந்திருக்காது.

காந்திமதி கண்ணைத் திறக்கவில்லை.

"கொசுறு இல்லாம நான் எந்தக் கடையிலயும் சரக்கு வாங்கினது இல்ல தம்பி," என்றாள். "அந்த அடுப்புல ரெண்டு வெறகு தள்ளி, சூடா ஒரு அண்டா ஊத்து."