நாலு கையெழுத்துப் போட்ட ஆயர்

எனக்கு அந்த ஆயரைக் கண்ணில காட்டேலாது. கனடாவில, பார்க்டேல் எண்ட இடத்தில நான் படிக்கிற பெரியாக்களின்ர வகுப்பில, சரித்திர ரீச்சர் அவரைப் பற்றித்தான் கட்டுரை எழுதச் சொன்னவ. நானூற்றைம்பது வருசத்துக்கு முந்தின இங்கிலாந்து மனுசன். திருச்சபைக்கு அரசன்தான் தலைவன் எண்டு சட்டம் வர, கையெழுத்து வைச்சார். அடுத்த அரசன்ர புதுச் செபப்புத்தகத்துக்கும் வைச்சார், குருமார் கலியாணம் கட்டலாம் எண்டவுடனை கட்டினார். பிறகு வந்த ராணி பழையபடி பாப்பரசரிட்டைத் திரும்பினா; குருமாருக்குக் கலியாணம் கூடாது எண்டாச்சு. உடனை, ‘இவள் என்ர பெஞ்சாதியில்லை’ எண்டு கையெழுத்து வைச்சுக் கதிரையைக் காப்பாற்றினார். அதுக்குப் பிறகு வந்த ராணி திரும்பவும் பாப்பரசரை விட, அதுக்கும் ஒரு கையெழுத்து. கடைசிமட்டும் ஆயராயிருந்து படுக்கையில செத்தார்.

அவர் கோழையோ எண்டதுதான் கேள்வி. கோழையில்லாமல்? வெட்கங்கெட்ட மனுசன்! ரெண்டு பக்கத்துக்குக் கிழிகிழியெண்டு கிழிச்சு எழுதிக் குடுத்தன்.

கோபம் ஆயரோடை மட்டுமில்லை. என்ர மனுசன் அகஸ்ரின் எனக்கு ரெண்டு வருசம் முந்திக் கனடா வந்தவர். ஆள் அனுப்புற ஏஜென்சிக்காரன் ‘தனியாள் எண்டு சொல்லு, கேஸ் சுகம்’ எண்டானாம். இவரும் அகதி விசாரணையில வேதப்புத்தகத்தில கை வைச்சு, கலியாணம் ஆகேல்லை எண்டிட்டார். மன்னாரில, கோயிலில வைச்சுத் தாலி கட்டின என்னை! அதைக் கேள்விப்பட்டு அங்கை கிடந்து அழுதனான். இப்ப நானும் தனியாய் வந்து சேர்ந்திட்டன். வியாழக்கிழமை எனக்கு அகதி விசாரணை. நான் உண்மையைச் சொன்னால் அவரைத் திருப்பி அனுப்பினாலும் அனுப்புவாங்கள்.

“சும்மா பேப்பருக்குத்தானே, மக்டலீன். நீரும் இல்லையெண்டு சொல்லும்,” எண்டார், சோற்றைப் பிசைஞ்சுகொண்டு.

“அந்த ஆயரும் உப்பிடித்தான் சொல்லியிருப்பார்.”

“எந்த ஆயர்?”

“உங்கட தமையன்!” எண்டிட்டு எழும்பிப் போனன்.

வியாழக்கிழமை அவர் வெளியில வாங்கில இருந்தார். உள்ளுக்கை நான் வேதப்புத்தகத்தில கை வைச்சன். ஆயரின்ர பெஞ்சாதியை நினைச்சன். பாவம், ரீச்சர் தந்த தாளில அவவின்ர பேர்கூட இல்லை. உண்மையைச் சொல்லிப்போடுவம் எண்டுதான் இருந்தன்.

“கலியாணம் முடிச்சனீங்களோ?” எண்டு விசாரிக்கிறவர் கேட்டார்.

“இல்லை.”

நாக்குத் தடுக்குமெண்டு நினைச்சனான். தடுக்கவேயில்லை. எனக்கு அதுதான் பயமாயிருந்தது. ஆயரை நான் திட்டின திட்டெல்லாம் ஞாபகம் வந்திட்டுது.

வெளியில வர, மனுசன் ஓடிவந்தார். “என்ன சொன்னனீர்?”

“நீங்கள் சொல்லச் சொன்னதைத்தான். எனக்குப் புருசன் இல்லையெண்டு.”

சந்தோசப்படுவார் எண்டு பார்த்தன். முகம் வாடிப்போச்சுது.

“மெய்யாய் அப்பிடியே சொன்னனீர்?”

“ஓம்.”

நான் ரெண்டு வருசமாய் அழுததை அவர் அண்டைக்குத்தான் அழுதார்.