முதலில் மதிலேறியவன்

ரோமானியப் படை மலைக்கோட்டையின் மதிலில் ஏணிகளைச் சாய்த்தபோது, வொலேரோ தன் கூடாரத் தோழன் மாமெர்க்கஸுக்குப் பின்னால் நின்றான்.

"ஏறுடா! மாமியார் வீட்டுக்குப் போற மாதிரி தயங்குறியே?" என்று சீண்டினான்.

மாமெர்க்கஸ் ஏறினான். அவன் மதில்மேல் கால் வைத்ததும் ஏணி முறிந்தது. அடுத்த ஏணி வரும்வரை கல்லும் ஈட்டியும் பறக்க, ஒற்றை ஆளாக அவன் போரிட்டதை வொலேரோ கீழிருந்து வாய்பிளந்து பார்த்தான். அவன் பிடித்துவைத்த அந்த இரண்டடி இடத்தின் வழியாகத்தான் படை உள்ளே புகுந்தது.

மறுநாள் தளபதி ஒரு பொன்முடியை உயர்த்திப் பிடித்தார். அது வட்டமாக வளைந்த குட்டி மதில் போலவே இருந்தது.

"முதல்ல ஏறினது யாருப்பா?"

"இவன்தாங்க! என் கண்ணால பார்த்தேன்!" என்று வொலேரோ கத்தினான்.

முடி மாமெர்க்கஸின் தலையில் ஏறியது. பத்தாயிரம் பேர் மூச்சடக்கி நிற்க, வெயிலில் அந்தப் பொன்மதில் தகதகத்தது.

வரிசைக்குத் திரும்பிய மாமெர்க்கஸ், "என்னடா அப்படிப் பார்க்குற?" என்றான்.

நேற்றுவரை ஒரே சட்டியில் கஞ்சி குடித்தவனுக்கு வொலேரோ தன்னையறியாமல் ஓரடி விலகி வழிவிட்டான்.